சொந்தமாகக் கட்டிய வீட்டின் கூரையை ஓய்வுக்கு முன் மாற்றுவது எப்படி: கொழும்பில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வத்தளை, மட்டக்குளி, கொலன்னாவை, தெஹிவளை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரியான வீடுகளைப் பார்க்கலாம். ஐந்தாறு பேர்ச் காணி வாங்கி, சீட்டுக் காசிலும் நகை அடகிலும் அறை அறையாகக் கட்டியவை. "மேல்மாடியைப் பிறகு போடலாம்" என்று தூண்களில் கம்பியை நீட்டி விட்டு, இப்போதைக்கு என்று அஸ்பெஸ்டஸ் சீட் போட்டிருப்பார்கள். அந்த "இப்போதைக்கு" இருபத்தைந்து வருடமாகி விட்டது. கட்டியவருக்கும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து வயது. கூரை ஒழுகுகிறது, ஓய்வும் நெருங்குகிறது.

பெரும்பாலானோர் இவற்றை இரண்டு தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கிறார்கள். கூரையை "ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) வந்ததும் செய்யலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிர். கூரையைச் சம்பளம் வரும் காலத்திலேயே, ஓய்வுக்கு நான்கைந்து வருடம் முன்பே மாற்றி விடுங்கள், ஓய்வுக் காசைத் தொடாதீர்கள். அதோடு, இனி உங்களை ஏணியில் ஏற வைக்காத கூரையாகப் பார்த்துப் போடுங்கள். இந்த இரண்டும்தான் அடிப்படை, மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் கூரையை உள்ளேயிருந்து பாருங்கள்

பாஸை, அதாவது கூரை வேலை செய்யும் மேஸ்திரியை, கூப்பிடும் முன் நீங்களே ஒரு தரம் பார்க்க வேண்டும். வந்து பார்க்கிற பாஸ்மாரில் பாதிப் பேர் "எல்லாத்தையும் கழற்றணும்" என்பார்கள், மீதிப் பேர் "கொஞ்சம் சிமெந்து பூசினால் சரி" என்பார்கள். எது உண்மை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல வெயில் நேரத்தில் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, வீட்டு விளக்குகளை அணைத்து விட்டு மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் ஓட்டை. அடுத்து டோர்ச் அடித்துக் கைமரங்களைப் பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே உள்ளே வராது. மேலே ஓரிடத்தில் நுழைந்து, கைமரத்தின் வழியே ஓடி வந்து வேறு எங்கேயோதான் சொட்டும். அதனால் சீலிங்கில் கறை இருக்கும் இடத்திலிருந்து மரத்தைப் பிடித்து முகட்டுப் பக்கமாகத் தேடிக்கொண்டு போக வேண்டும். இரண்டு சரிவுகள் சந்திக்கும் மூலைப் பீலி, கூரை சுவரைத் தொடும் இடம், பழைய ஆணி ஓட்டைகள். முக்கால்வாசி ஒழுக்கும் இந்த மூன்று இடங்களிலிருந்துதான்.

முக்கியமான சோதனைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கைமரம் சுவரில் வந்து உட்காரும் நுனியில், பீலிக்குப் பக்கத்தில், அதை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல மரமென்றால் முனை ஒரு நூல் கூட இறங்காது. கெட்டுப் போன மரமென்றால் பெயின்ட் தோல் அப்படியே இருக்க, முனை கைப்பிடி வரைக்கும் சத்தமில்லாமல் போகும், இழுத்தால் ஈரமான கறுப்புத் தூள் கொட்டும். வெளியே இருந்து பார்த்தால் அந்த மரத்தில் ஒரு குறையும் தெரியாது. சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கறையான், அது கைமரம் வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். நுனி மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டி ஒட்டு மரம் போடலாம். நடுவிலும் முகட்டு வளையிலும் கெட்டிருந்தால் மரம் முழுவதையும் மாற்றும் வேலை, செலவும் வேறு.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை எப்படிக் கையாள்வது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதை மிக அலட்சியமாக எடுத்துக் கொள்கிறார்கள். இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இலேயே தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதையும் படிப்படியாக நிறுத்தும் திட்டம் வந்தது. ஆனால் 2017 டிசம்பரில் ரஷ்யா, சரக்கில் வண்டு இருந்தது என்று இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும், ரஷ்யாவிலிருந்து வரும் அஸ்பெஸ்டஸ் மீதான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துக் கூட நோய் வரலாம். உங்கள் வயதுக்கு அது தூரமாகத் தெரியலாம், ஆனால் அதே வீட்டில் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், வேலைக்கு வரும் பொடியனுக்கு இருபது வயதுதான்.

முழுசாக, உடையாமல் இருக்கும் சீட் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், பாசியைக் காய்ந்தபடி சுரண்டும்போதும்தான் நார் காற்றில் கலக்கிறது. எனவே கழற்றும்போது சீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்துக் கொண்டே இருக்க வேண்டும். ஆணியை இழுத்துப் பிய்க்காமல் தலையை வெட்டி எடுக்க வேண்டும், சீட்டை மேலிருந்து எறியாமல் ஒவ்வொன்றாகக் கீழே இறக்க வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் பிரயோசனமில்லை, தூசிக்கென்றே உள்ள எஃப்.எஃப்.பி. 3 தர மாஸ்க் வேண்டும். கீழே விழுந்த துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டாமல் நனைத்து அள்ளி, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றாகச் சுற்றி ஒட்டி வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் மாநகர அல்லது நகர சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் கேட்டுச் செய்யுங்கள். கோழிக் கூட்டுக்கென்று யாருக்கும் கொடுக்காதீர்கள், பின் வளவில் புதைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று: பழைய சீட்டின் மேல் யாரும் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. ஆள் பாரத்தில் அது திடீரென்று உடையும். கைமரத்துக்குக் குறுக்காகப் பலகை போட்டு அதில்தான் நடக்க வேண்டும், இடுப்பில் பெல்ட்டும் கயிறும் இருக்க வேண்டும். "நாங்க பழக்கப்பட்ட ஆட்கள் ஐயா" என்று சொல்வார்கள். சரி, இருந்தாலும் கட்டச் சொல்லுங்கள், கட்டாத ஆளை ஏற்ற வேண்டாம்.

எதைப் போடுவது

ஒரு கணக்கோடு பார்ப்போம். 25 அடிக்கு 40 அடி வீடு, சுற்றிலும் இரண்டரை அடி தாழ்வாரம் என்று வைத்தால் மேலிருந்து பார்க்கும் பரப்பு 30 பெருக்கல் 45, அதாவது 1350 சதுர அடி. கூரை சரிவாக இருப்பதால் இது கூடும்: 15 பாகைச் சரிவுக்கு 1.035ஆலும், 25 பாகைக்கு 1.10ஆலும், 30 பாகைக்கு 1.155ஆலும் பெருக்குங்கள். 25 பாகையென்றால் கிட்டத்தட்ட 1485 சதுர அடி, 138 சதுர மீற்றர். விலை கேட்கப் போகும்போது இந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும். இது தெரியாதவர்தான் "மொத்தமாகச் செய்து தாறேன்" என்ற வார்த்தையில் விழுகிறார்.

களிமண் ஓடு, அதாவது தங்கொட்டுவ, வைக்கால பக்கம் செய்யும் கள்ளிக்கோட்டை ஓடு, குளிர்ச்சியானது. நீண்ட காலம் நிற்கும், உடைந்தால் அந்த ஓடு ஒன்றை மட்டும் மாற்றலாம். சதுர மீற்றருக்கு 15 அளவில் வேண்டும், நம் கணக்குக்கு 2070, அதோடு உடைவுக்கு நூறு சேர்த்துக் கொள்ளுங்கள். ஆனால் பாரம் கிட்டத்தட்ட ஆறு தொன். இதே வீட்டின் அஸ்பெஸ்டஸ் கூரை இரண்டு தொன் கூட வராது. சீட்டுக்கென்று போட்ட மெல்லிய மரத்தின் மேல் ஓடுகளை ஏற்றினால் கூரை நடுவில் தொங்கிப் போகும். எனவே ஓடென்றால் மரமும் புதிது, சரிவும் 25 பாகைக்குக் குறையக் கூடாது. கொழும்பின் சாய்வு மழையில் தட்டையான ஓட்டுக் கூரை நிற்காது.

நிறம் பூசிய தகரச் சீட் மிக இலேசானது, இதே பரப்புக்கு 600, 700 கிலோ அளவில்தான் வரும், பழைய மரம் நன்றாக இருந்தால் அதிலேயே பெரும்பாலும் போடலாம். முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஒரே நீளமாக வெட்டித் தருவார்கள், நடுவில் ஒட்டு இல்லாததால் ஒழுக்கும் குறைவு. ஆனால் இருபது அடி சீட் உங்கள் ஒழுங்கைக்குள் லொறியில் திரும்புமா என்று ஓடர் கொடுக்கும் முன் போய் அளந்து பாருங்கள், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இது பெரிய தலையிடி. குறை இரண்டு: சூடும் சத்தமும். இரண்டுக்கும் அடியில் இன்சுலேஷன் போட வேண்டும். வெறும் அலுமினிய ஃபொயிலென்றால் அதற்கும் மற்றப் பொருளுக்கும் இடையில் ஓரங்குலமாவது காற்று இடைவெளி விட வேண்டும், ஒட்டிப் போட்டால் பலன் குறைந்து போகும். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு பகல் முழுவதும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கப் போகிறீர்கள், இன்சுலேஷன் இல்லாத வீட்டில் மிஞ்சுவது ஏ.சி. பில்தான்.

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை கடற்கரைப் பக்கம் இருந்தால் உப்புக் காற்று தகரத்தை வெட்டிய ஓரத்திலும் ஸ்க்ரூ தலையிலும் தின்னத் தொடங்கும். உத்தரவாதக் கடதாசியில் கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்று ஒரு நிபந்தனை இருக்கலாம், சின்ன எழுத்தையும் வாசியுங்கள். அந்தப் பக்கத்துக்கு என் தெரிவு ஓடு, அல்லது அஸ்பெஸ்டஸ் கலக்காத நார் சிமெந்து சீட். மரத்துக்குப் பதில் பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான இரும்புச் சட்டம்) போடுவதென்றால் கல்வனைஸ் செய்ததாக எடுங்கள், வெல்டிங் வைத்த இடத்தில் சிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், நுனிகளை மூடச் சொல்லுங்கள். திறந்த நுனிக்குள் தண்ணீர் போய் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும்.

பீலிக்கும் இதே யோசனை. சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் கொங்கிரீட் பீலி பார்க்க அழகு, ஆனால் இலை அடைத்தால் தெரியாது, தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், டெங்கு பரிசோதனைக்கு வருகிறவர்கள் வழக்கும் போடலாம். தாழ்வாரம் போதுமானதாக இருந்தால் சில பக்கங்களுக்குப் பீலியே தேவையில்லை, தண்ணீர் உங்கள் காணிக்குள் விழுந்தால் சரி. பக்கத்து வளவில் விழ விடாதீர்கள், கொழும்பில் அயலவர் சண்டைகள் எத்தனையோ கூரைத் தண்ணீரில்தான் தொடங்குகின்றன.

சோலர் போடும் எண்ணம் இருந்தால் கூரையோடு சேர்த்தே யோசியுங்கள். பனலும் தாங்கியும் சதுர மீற்றருக்கு 12 முதல் 15 கிலோ வரை பாரம், இருபத்தைந்து வருடம் அங்கேயே இருக்கும். பத்து வருடத்தில் போகப் போகும் கூரையின் மேல் அதைப் பூட்டக் கூடாது.

மேல்மாடி போட்டு வாடகைக்கு விடுவதா?

கூரையைக் கழற்றும் போதெல்லாம் வீட்டில் இந்தக் கேள்வி எழும். கழற்றுவதுதான் கழற்றுகிறோம், சிலாப் போட்டு மேலே ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டால் அதுவே பென்ஷன் அல்லவா? பலருக்கு இது சரியாக வரும். ஆனால் மூன்று விஷயங்கள் முன்கூட்டியே தெரிய வேண்டும். அத்திவாரம் தாங்குமா என்று பட்டயம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் சொல்ல வேண்டும், இருபத்தைந்து வருடம் மழையில் நின்று துருவேறிய கம்பியை அப்படியே தொடர்ந்து கட்ட முடியாது. இரண்டாவது, மாநகர அல்லது நகர சபையில் வரைபடம் அனுமதியாக வேண்டும். கூரையை அதே வடிவில் மாற்றுவது வேறு, மாடி ஏற்றுவது வேறு. மூன்றாவது, வெளியே தனிப் படிக்கட்டுக்கு இடம் வேண்டும், குடியிருப்பவர் உங்கள் ஹோலுக்குள்ளால் போய் வர முடியாது.

இவை மூன்றும் சரியென்றாலும், அதற்காக ஈ.பி.எப். முழுவதையும் கொட்டாதீர்கள். வாடகை வராத மாதங்கள் இருக்கும், வருத்தத்துக்குக் கைக்காசு வேண்டும், அந்த நேரத்தில் சிலாப்பை உடைத்து விற்க முடியாது.

வேலைக்கு நாள் குறிப்பது

கொழும்பில் கூரை கழற்ற நல்ல காலம் ஜனவரியும் பெப்ரவரியும். மார்ச் நடுவிலிருந்தே பின்னேர இடிமழை தொடங்கும், ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்குப் பாஸ்மார் ஊருக்குப் போனால் மாதக் கடைசி வரை திரும்பி வருவது சந்தேகம், மே மாதம் தென்மேற்குப் பருவமழை வந்து விடும். ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். ஜனவரியில் தொடங்க வேண்டுமென்றால் செப்டெம்பரிலேயே மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். சாமான் விலையைப் பழைய சோனகத் தெருவில் நடந்து நீங்களே கேட்டுக் கொள்ளுங்கள், ஒரே தடிப்புச் சீட்டுக்குக் கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கும். தடிப்பைக் கேட்கும்போது நிறப்பூச்சுடன் எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்தச் சீட், எந்தத் தடிப்பு, எந்த மரம், ஸ்க்ரூ வகை, பழையதை யார் அகற்றுவது, உடைந்த சீலிங்கை யார் பார்ப்பது, எத்தனை நாள். சாமானை நீங்களே வாங்கி, கூலியை மட்டும் பாஸுக்குக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. கூலியையும் படிப்படியாகக் கொடுங்கள், கடைசிப் பத்து வீதத்தை ஒரு பெருமழை பெய்து முடியும் வரை வைத்திருங்கள். இதை முதல் நாளே சொல்லி விட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

வேலை நடக்கும்போது வீட்டைப் பாதி பாதியாகத் திறக்கச் சொல்லுங்கள். அன்று திறந்ததை அன்றே மூட வேண்டும், மூட முடியாததற்குத் தார்ப்பாய் தயாராக இருக்க வேண்டும். சீலிங்குக்குள் ஓடும் பழைய வயர்களை எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு இதே நேரத்தில் பாருங்கள், மறுபடி திறக்கும் சந்தர்ப்பம் வராது. வீதியிலிருந்து வரும் மின்கம்பி கூரை ஓரத்தில் பூட்டியிருந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்து நிறுத்திய பின்தான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும்.

இனி காசு

தனியார் துறையில் ஒரு இலட்சம் சம்பளம் என்று வைப்போம். உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து மாதம் 20,000 ஈ.பி.எப்.புக்குப் போகிறது, முதலாளி தனியாக 3 வீதம், 3,000 ரூபா, ஈ.ரி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டுகிறார். 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். இருபது வருடச் சேவைக்கு 10 இலட்சம். ஈ.பி.எப். எடுக்கும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. ஆனால் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு தனியார் துறை ஓய்வு வயது 60. அந்த இடைப்பட்ட வருடங்கள்தான் உங்கள் கூரைக் காலம்.

பத்து வருடம் பங்களித்து, கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டு வேலைக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டாம். 53 வயதில் 6 இலட்சத்தை எடுக்காமல் விட்டால், வருடம் 8 வீதம் என்று வைத்துக் கொண்டாலும் 60இல் அது 10 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். ஈ.பி.எப். மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக் கடனும் எடுக்கலாம், ஆனால் கட்டத் தவறினால் அந்தத் தொகை உங்கள் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். வேறு வழியே இல்லாத, கூரை விழும் நிலையில் உள்ளவர்களுக்குத்தான் இந்த இரண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு வருடம் முன்பே கூரைக்கென்று தனிக் கணக்கொன்றைத் திறந்து மாதாமாதம் போடுங்கள். போதாமல் போனால் மரத்தையும் கூரையையும் முதல் ஜனவரியில் முடித்து, சீலிங்கையும் பெயின்ட்டையும் அடுத்த வருடத்துக்கு விடுங்கள். லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைகள் உதவுவதாக இருந்தால், மாதச் செலவுக்கு வாங்குவதை விட இப்படி ஒரு வேலைக்கு ஒரே தரம் வாங்குவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

ஓய்வுக் காசு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 50 இலட்சத்தை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டால் மாதம் 33,000 சொச்சம்தான் வரும். விலைவாசி வருடம் 5 வீதம் ஏறினால் பதினான்கு வருடத்தில் அந்த 33,000க்கு இன்றைய பாதிச் சாமான்தான் வாங்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். எனவே வட்டி முழுவதையும் சாப்பிடாமல் ஒரு பங்கைத் திரும்ப வைப்பில் சேர்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே தவணையில் முடக்காமல் சிலதை மூன்று மாதத்துக்கும், சிலதை ஒரு வருடத்துக்கும், ஒரு பகுதியைத் திறைசேரி உண்டியலிலும் (அரசுக்குக் குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் கடன்) பிரித்துப் போட வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீத வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவானவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அதைத் தவிர்க்கலாம், கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சொந்தத் தொழில் செய்பவருக்கு ஈ.பி.எப். இல்லை, அவர்கள் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தை விசாரித்துப் பார்க்க வேண்டும். அதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது.

கடதாசி வேலை

நம் ஆட்களுக்கு ஓய்வு நேரத்தில் வரும் பெரிய இடைஞ்சல் பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, ஈ.பி.எப். பதிவில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே இல்லை. இதைத் திருத்த மாதக் கணக்கில் ஆகும், பழைய நிறுவனம் மூடியிருந்தால் இன்னும் கஷ்டம். கூரை வேலை தொடங்கும் வருடத்திலேயே வேலை செய்த ஒவ்வொரு இடத்தின் அங்கத்துவ இலக்கத்தையும் எழுதி வைத்து, தொழில் திணைக்களத்தில் பெயரையும் மீதியையும் சரிபாருங்கள்.

வீட்டு உறுதியையும் அதே கோவையில் வையுங்கள். பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதும் எண்ணம் இருந்தால், நீங்களும் துணையும் உயிரோடு இருக்கும் வரை அங்கே வசிக்கும் உரித்தை அந்த உறுதியிலேயே எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். கூரைப் பற்றுச்சீட்டு, சீட்டின் நிறமும் தடிப்பும், உத்தரவாதக் கடதாசி, பாஸின் இலக்கம் எல்லாம் அந்தக் கோவைக்குள்ளேயே போகட்டும். வருடத்துக்கு ஒரு தரம், ஏப்ரல் மழைக்கு முன், பீலி துப்புரவாக்கி ஸ்க்ரூக்களைப் பார்க்க ஆள் பிடிக்க வேண்டும். அறுபதுக்குப் பிறகு நீங்கள் ஏற வேண்டாம், அந்தக் கூலியை மாதச் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்து எழுதி விடுங்கள்.